காத்திருந்த ஊரில் காத்திருக்கக் கற்போம்



பள்ளி விடுமுறை நெருங்கும் வேளையில் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து வீட்டுக்கு ஒரு சுற்றறிக்கை வரும். தலைப்பு 'கல்விச் சுற்றுலா' என்றிருக்கும். அதிகாலை 5.00 மணிக்குப் பேருந்து புறப்படும், இரவு 10.00 மணிக்குத் திரும்பும். இடையில் அரும்பொருளகம், கோட்டை, கோயில், நீர்விளையாட்டுப் பூங்கா, பேரங்காடி என ஐந்து இடங்கள். பட்டியல் நீண்டிருந்தால்தான் கொடுத்த பணத்துக்கு மதிப்பு என்று பெற்றோரும் மகிழ்வர். ஏற்பாட்டுக் குழுவினரும் மகிழ்வர்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? மொத்தம் 17 மணி நேரம். சாலைப் பயணம் 8 மணி. உண்ணவும், வரிசையில் நிற்கவும், தலை எண்ணவும் 3 மணி. நீர்ப்பூங்காவுக்கு 3 மணி. பேரங்காடிக்கு 2 மணி. எஞ்சுவது 1 மணி. அந்த ஒரு மணியை அரும்பொருளகமும் கோட்டையும் கோயிலும் பங்கிட்டுக் கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம்! அந்த 20 நிமிடத்திலும் பாதி, பதாகையைப் பிடித்துக்கொண்டு குழுவாகப் படம் எடுப்பதில் கழிந்துவிடும். இதனை நாம் 'கல்வி' என்றும் 'சுற்றுலா' என்றும் அழைக்கிறோம். இவற்றுள் முதற்சொல் பொருந்துமா என்பதே என் ஐயம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து இடம் வேண்டா. ஓர் இடம் போதும். அந்த ஓரிடத்தில் அரைநாள் தங்க வேண்டும். அதிலும் ஒரு சிறு பொழுது, ஒன்றும் பேசாமல், ஒன்றும் எடுக்காமல், கைப்பேசி இல்லாமல் பிள்ளைகள் அமர்ந்திருக்க வேண்டும். இது அவர்களின் மனத்துக்கு நன்று. நாம் காணச் சென்ற மரபுடைமைக்கும் நன்று. இவ்விரண்டு நன்மையும் ஒரே செயலிலிருந்து பிறக்கின்றன என்பதை விளக்குவதற்காகவே இதனை எழுதுகிறேன்.

விலைக்கு வரும் அமைதி

இன்று உலகச் சுற்றுலாத் தொழிலில் 'மனவிழிப்பு', 'நலவாழ்வு' என்னும் சொற்கள் நல்ல விலைக்குப் போகின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979ஆம் ஆண்டு ஜோன் கபாட்-சின் என்பவர், நோயாளிகளின் மனஅழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பௌத்தத் தியான மரபிலிருந்து எடுத்த பயிற்சியை, சமயச் சடங்குகள் இன்றி மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். 1982ஆம் ஆண்டு சப்பானிய வனத்துறை 'ஷின்ரின் யோகு' என்ற பெயரில், காட்டில் நிதானமாக உலவி ஐம்புலன்களையும் அமைதிப்படுத்தும் வழக்கத்தை முன்வைத்தது. இவ்விரண்டும் பயனுள்ள முயற்சிகளே. ஆனால், இன்று அவற்றின் பெயரைச் சொல்லி, மலையடிவாரத்தில் இரண்டு இரவு தங்குவதற்கு ஓர் ஆசிரியரின் பாதி மாதச் சம்பளத்தைக் கேட்கும் விடுதிகள் எத்தனையோ!

விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருளா இது? நம் மொழியில் இதற்குப் பழைய சொல்லே உண்டு. பௌத்தர் கூறும் எண்வகை நெறிகளுள் ஏழாவதைத் தமிழில் 'நற்கடைப்பிடி' என்பர். நம் இலக்கண நூலார் அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என நான்கு பண்புகளை எண்ணுவர். அங்கே கடைப்பிடி என்பதற்குக் கொண்ட பொருளை மறவாமை என்று பொருள். இன்றோ நாம் அச்சொல்லை 'விதிமுறைகளைக் கடைப்பிடிக்கவும்' என்று அறிவிப்புப் பலகையில் எழுதுவதோடு நிறுத்திவிட்டோம். கையில் எடுத்த ஒன்றை மனம் நழுவவிடாமல் பற்றியிருத்தல் என்னும் அருமையான கருத்து அச்சொல்லுக்குள் உறங்குகிறது.

நம் பிள்ளைகளுக்கு இன்று பெரிதும் தேவைப்படுவது இந்தப் பண்பே. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் மூடப்பட்டு, பிள்ளைகள் திரைவழியே கற்றார்கள். திரை பின்னர் அவர்கள் கையைவிட்டு நீங்கவே இல்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. ஆனால், தேர்வு நீங்கியதே தவிர அவசரம் நீங்கவில்லை. ஒரு பத்தியை முழுமையாகப் படித்து முடிக்கும் முன்பே அடுத்த பக்கத்தைப் புரட்டும் மாணவர்களை நாள்தோறும் காண்கிறோம். அப்படிப்பட்ட பிள்ளைகளை ஒரே நாளில் ஐந்து இடங்களுக்கு இழுத்துச் செல்வது, அவர்களின் அலைபாய்தலுக்குப் பள்ளியே சக்கரம் பூட்டுவது போலாகும்.

கடாரம் ஒரு காத்திருப்பு ஊர்

ஓரிடம் போதும் என்றேன். எந்த இடம்? நான் முன்மொழிவது கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கு. நம் வரலாற்றில் கடாரம் என்று பெயர் பெற்ற நிலம் அது.

வடக்கே 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய். தெற்கே மூடா ஆறு. நடுவே மெர்போக் ஆறும் அதன் கழிமுகமும் சதுப்புநிலக் காடும். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்குத் தொலைவிலிருந்தே தெரிந்த அடையாளம் ஜெராய் மலை. தென்மேற்குப் பருவக்காற்றைப் பற்றிக்கொண்டு கிழக்கே வந்த கலங்கள் இங்கே ஒதுங்கின. திரும்பிச் செல்ல வேண்டுமாயின் வடகிழக்குப் பருவக்காற்று எழ வேண்டும். அதுவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. காற்றை யார் விரைவுபடுத்த முடியும்?

காத்திருந்தவர்கள் பண்டங்களை மாற்றினார்கள். கலங்களைப் பழுது பார்த்தார்கள். தத்தம் தெய்வங்களுக்குச் செங்கல்லாலும் கருங்கல்லாலும் வழிபாட்டு இடங்கள் எழுப்பினார்கள். மலாய்மொழியில் 'சண்டி' என வழங்கும் அப்பழங்கோயில்களின் எச்சங்களே இன்று நாம் காண்பவை. சிவனை வழிபட்டவர்களும் புத்தரை வணங்கியவர்களும் ஒரே ஆற்றங்கரையில் காத்திருந்தனர். 1834ஆம் ஆண்டு செபராங் பிறை பகுதியில் ஜேம்ஸ் லோ என்ற பிரித்தானிய அதிகாரி ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்னும் மாலுமி, தன் கடற்பயணம் நலமாக முடிய வேண்டும் என்ற வேண்டுதலோடு பொறித்துவைத்த பௌத்தக் கல்வெட்டு அது. காற்றுக்காகக் காத்திருந்த ஒரு மனிதனின் மனத்தை அக்கல் இன்றும் நமக்குச் சொல்கிறது.

மாதக்கணக்கில் மனிதர்கள் காத்திருந்த ஊரை 20 நிமிடத்தில் பார்த்து முடிப்பது எவ்வளவு பெரிய முரண்! அவ்வூரை அறிய வேண்டுமானால் அங்கே சிறிதேனும் காத்திருக்க வேண்டாவா?

ஒரு கல், கால் மணி நேரம்

சில ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் ஆண்டு மாணவர் 32 பேரை மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அரும்பொருளகத்துக்கு அழைத்துச் சென்றோம். 1980ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அரும்பொருளகம் அது. அதன் மேற்புறச் சரிவில், சிற்றாற்றின் ஓரமாக, புக்கிட் பத்து பகாட் சண்டி இருக்கிறது. 'பத்து பகாட்' என்றால் செதுக்கிய கல். குவாரிச் வேல்ஸ், அவர்தம் துணைவியார் டோரதி ஆகிய இருவரும் 1936, 1937ஆம் ஆண்டுகளில் இப்பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 30 இடங்களை ஆராய்ந்தனர். அவற்றுள் எட்டாவது எண்ணுடைய இந்தச் சண்டியை 1960ஆம் ஆண்டளவில் அலஸ்டர் லாம்ப் என்பவர் சீரமைத்தார். கருவறையின் அடித்தளமும், முன்மண்டபத்தில் மரத்தூண்கள் நின்றிருந்த கல்லடிகளும் இப்போதும் தெளிவாகத் தெரிகின்றன.

பிள்ளைகளிடம் மூன்று விதிகளை மட்டும் சொன்னோம். கல்லின்மீது ஏறக்கூடாது. கால் மணி நேரம் பேசக்கூடாது. எதிரில் உள்ள கற்களில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதனையே பார்க்க வேண்டும். பிறகு அதைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுத வேண்டும்.

அற்புதம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. கொசு கடிக்கிறது என்று இருவர் முறையிட்டனர். "ஐயா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஒருவன் சைகையாலேயே மூன்று முறை கேட்டுவிட்டான். ஆனால், ஐந்து நிமிடம் கடந்தபின் ஆற்றின் ஓசை கேட்கத் தொடங்கியது. அதற்கு முன்பும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது!

எழுதிய வாக்கியங்களைப் படித்தபோது வியந்தேன். தூண் நின்ற குழிக்குள் எறும்புகள் வரிசையாக இறங்குவதை ஒரு மாணவி எழுதியிருந்தாள். எல்லாக் கற்களும் ஒரே நிறமல்ல என்று ஒருவன் எழுதியிருந்தான். வகுப்பில் வாய் திறவாத ஒரு மாணவன், "இந்தக் கல்லை ஆற்றிலிருந்து யார் தூக்கி வந்திருப்பார்கள்? அவர்களுடைய பெயர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருந்தான். பாடநூலில் மன்னர்களின் பெயர்களைப் படித்த எந்தப் பிள்ளையும் அதற்கு முன் என்னிடம் இக்கேள்வியைக் கேட்டதில்லை. அந்த வினாவுக்கு நான் எந்த விளக்கமும் தந்து உதவவில்லை. அவன் பார்த்தான், கேட்டான். அவ்வளவே.

பார்க்கப்படாத கல் உடையும்

இனி, இரண்டாவது நன்மைக்கு வருகிறேன். வளங்குன்றாச் சுற்றுலா என்று இன்று பேசுகிறோம். ஐக்கிய நாட்டு நிறுவனம் 2017ஆம் ஆண்டை மேம்பாட்டுக்கான வளங்குன்றாச் சுற்றுலா ஆண்டாகவே அறிவித்தது. நெகிழிப் புட்டியைத் தவிர்ப்பதும் குப்பையை எடுத்துவருவதும் அதில் ஒரு பகுதி. ஆனால், ஓர் இடம் நிலைத்திருக்க வேண்டுமாயின், அது இருப்பதை நன்கறிந்து அதன்மீது பற்றுக் கொண்ட மக்கள் வேண்டும். அதுவே அடிப்படை.

2013ஆம் ஆண்டு இறுதியில் நடந்ததை நினைவுகூருங்கள். பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி, ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழைமை உடையதாகக் கருதப்பட்ட சண்டி, மேம்பாட்டுக்காக நிலத்தைச் சமப்படுத்தும் வேலையில் இடித்துத் தள்ளப்பட்டது. தனியார் நிலம் என்றார்கள். அரசிதழில் மரபுடைமைத் தளமாகப் பதிவாகவில்லை என்றார்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் நடப்பில் இருந்தும் அந்தக் கற்களுக்குக் காவல் கிடைக்கவில்லை. செய்தி வெளியானபின் நாடே கொதித்தெழுந்தது. அரசியல் தலைவர்கள் சென்று பார்த்தனர். இயக்கங்கள் அறிக்கை விட்டன. எல்லாம் இடிந்த பிறகு!

அதற்கு முன் ஆண்டுதோறும் அவ்வழியே எத்தனை சுற்றுலாப் பேருந்துகள் சென்றிருக்கும்? பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வந்து, அமர்ந்து, வரைந்து, எழுதிப் போகும் இடமாக அது இருந்திருந்தால், மண்வாரி இயந்திரம் வந்த முதல் நாளே எங்கேனும் ஒரு குரல் எழுந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

பள்ளத்தாக்கின் கதை முடிந்துவிடவும் இல்லை. சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டு முதல் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும் படகுத்துறைகளின் எச்சங்களும் வெளிப்பட்டன. 2023ஆம் ஆண்டு யான் வட்டாரத்துப் புக்கிட் சோராஸில் பௌத்தக் கட்டடமும் சுதையுருவங்களும் கண்டெடுக்கப்பட்டன. இன்னும் மண்ணுக்குள் எவ்வளவோ இருக்கலாம். அவற்றைக் காக்கப்போகிறவர்கள் இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே.

பெருமையும் ஓர் அவசரமே

இங்கே ஒன்றை மனந்திறந்து கூற வேண்டும். இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது கடற்படை செலுத்தினான். ஆயிரம் ஆண்டு நிறைவையொட்டி எத்தனையோ பகிர்வுகள் கைப்பேசிகளில் வலம் வந்தன. 'கடாரம் கொண்டான்' என்று மார்தட்டும் நம்மவருள் எத்தனை பேர் மெர்போக்குக்குச் சென்றிருக்கிறோம்? சென்றவருள் எத்தனை பேர் அரைமணி நேரம் நின்றிருக்கிறோம்?

பார்க்காமலேயே பெருமை பேசுவதும் அவசரத்தின் இன்னொரு முகம்தான். நின்று பார்த்தால் வரலாறு நம் முழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. படையெடுப்புக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், இராசராசன் காலத்தில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரத்தை எழுப்பினான்; அதற்குச் சோழ மன்னன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக அளித்தான். ஆனைமங்கலச் செப்பேடு இதற்குச் சான்று. கொடையும் உண்டு, போரும் உண்டு. சைவமும் உண்டு, பௌத்தமும் உண்டு. நம் முன்னோரும் உண்டு, இந்த மண்ணின் மக்களும் உண்டு. கடாரம் நமக்கு மட்டும் உரியது என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் ஒரு முழக்கத்தைக் கற்பர். கடாரத்தில் பலரும் சேர்ந்து வாழ்ந்தனர் என்று கண்டறியவிட்டால், பல இன மக்கள் வாழும் இந்நாட்டில் தலைநிமிர்ந்தும் அண்டை வீட்டாரை மதித்தும் வாழக் கற்பர்.

எழும் மறுப்புகள்

"பிள்ளைகளுக்கு விளையாட்டு வேண்டாவா?" என்று பெற்றோர் கேட்கலாம். வேண்டும். நீர்ப்பூங்காவுக்குத் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். அதனைக் குடும்ப மகிழ்வுலா என்று அழையுங்கள். கல்விச் சுற்றுலா என்று பெயர் சூட்ட வேண்டா.

"அமைதியாக அமர்வது ஒரு சமயப் பயிற்சி அல்லவா?" என்று சிலர் தயங்கலாம். நாம் மந்திரம் ஓதச் சொல்லவில்லை. கண்ணை மூடச் சொல்லவுமில்லை. கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்கிறோம். எந்தச் சமயத்துப் பிள்ளைக்கும் இதில் தடை இராது.

"ஒரு நாள் கால் மணி நேரம் அமர்ந்தால் பிள்ளை மாறிவிடுமா?" என்று ஆசிரியர் கேட்கலாம். மாறாது. ஒரு நாள் நீந்தியவன் நீச்சல்வீரன் ஆகமாட்டான். ஆனால், நீரில் மிதக்க முடியும் என்பதை அன்றுதான் அறிவான். மனநலச் சிக்கல் உள்ள பிள்ளைக்குச் சுற்றுலா மருந்தாகாது. அதற்கு ஆலோசக ஆசிரியரும் மருத்துவரும் வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் தேவையான ஓய்வையும் கவனத்தையும் பற்றியே இங்கே பேசுகிறேன்.

செய்யத்தக்கவை

1. ஒரு சுற்றுலாவுக்கு ஓரிடம் என்று வரையறுப்போம். குறைந்தது மூன்று மணி நேரம் அங்கேயே தங்குவோம்.

2. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே வகுப்பில் வரைபடம் வைத்துப் பருவக்காற்றையும் கடல்வழியையும் கற்பிப்போம். போய்ச் சேர்ந்தபின் விளக்கவுரையைக் குறைத்துக்கொள்ளலாம்.

3. இருபது மாணவர்க்கு ஒரு குழு என்று பிரிப்போம். ஒரு குழு சண்டியருகே அமர்ந்திருக்கும்போது மற்றது அரும்பொருளகத்துக்குள் இருக்கட்டும். கூட்டம் குறைந்தால் கல்லுக்கும் நலம், காதுக்கும் நலம்.

4. படம் எடுப்பதைக் கடைசி பத்து நிமிடத்துக்கு ஒதுக்குவோம். அதுவரை கைப்பேசிகள் ஆசிரியரின் பையில் இருக்கட்டும். ஆசிரியரின் கைப்பேசியும் அதே பையில் இருக்கட்டும்!

5. மதிய உணவை மெர்போக் வட்டாரத்துக் கடைகளிலேயே முன்கூட்டிச் சொல்லி வாங்குவோம். 20 நிமிடம் நின்று புகை கக்கிவிட்டுப் போகும் பேருந்தால் அவ்வூர் மக்களுக்கு என்ன பயன்? மரபுடைமை தங்களுக்குச் சோறு போடுகிறது என்று அறிந்த ஊரார் அதனைக் காப்பர்.

6. அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குச் செல்வோம். ஆறாம் ஆண்டு மாணவர் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு வழிகாட்டட்டும். தான் தேர்ந்தெடுத்த கல்லைத் தம்பிக்குக் காட்டும் அண்ணனைவிடச் சிறந்த வழிகாட்டி யார்?

கெடாவுக்குத் தொலைவில் உள்ள பள்ளிகள் கவலைப்பட வேண்டா. உங்கள் ஊரில் நூறாண்டுக் கோயில் ஒன்று இருக்கும். பழைய தோட்டத்து வரிசை வீடு ஒன்று இருக்கும். பால்மரம் சீவிய பாட்டி ஒருவர் இருப்பார். அங்கே செல்லுங்கள்; அமர்ந்து பாருங்கள்; அமர்ந்து கேளுங்கள். பேருந்துக் கட்டணமும் மிச்சம்.

பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சுற்றுலாப் பட்டியல் உங்கள் கைக்கு வரும். "இன்னும் ஓரிடம் சேர்க்கக்கூடாதா?" என்று கேட்பதே நம் வழக்கம். இம்முறை மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: "இவற்றில் எந்த நான்கை நீக்கலாம்?"